எந்த எண்ணெயில் பொரித்தது?

பாரிசில், லா ஷப்பலில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என்னுடைய கேள்வியையும் தெரியும். வடைக் கடைக்குள் காலை வைக்கும்போதே முதலாளி சத்தம் போடுவார். "அக்கா, வடை தனி எண்ணெய். காலமைதான் ஊத்தினது. நீங்கள் கேக்க முதலே சொல்லிப்போட்டன்." நான் அதோடு விடுகிற ஆள் இல்லை. "கரண்டி?" என்பேன். "கரண்டியும் தனி. இஞ்சை பாருங்கோ, கையுறையும் மாத்திறன்" என்று கையைத் தூக்கிக் காட்டுவார். பின்னால் வரிசையில் நிற்கிற சனம் முறைக்கும். முறைத்தால் எனக்கென்ன? இறைச்சி ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் என் வடை விழுந்திருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அந்த முதலாளி என்னைவிட ஆறேழு வயது இளையவர். ஆனாலும் நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். தம்பி என்ற சொல்லை வேறு ஆருக்கும் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. அது என் கூடப்பிறந்த ஒருவனுக்கு உரியது. சண்டை முடிந்த நாட்களில் வன்னியிலிருந்து சனத்தோடு சனமாக நடந்து வந்தவனை, பெயரைப் பதிந்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

செய்தி வந்தபோது நான் எங்கள் லா கூர்னெவ் வீட்டில், எட்டாம் மாடியில், சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இங்கே இருந்துகொண்டு நான் என்னத்தைச் செய்வேன்? கடிதம் எழுதினேன். அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தேன். எல்லாம் செய்து முடிந்த பிறகு என்னிடம் மிஞ்சியது என் நாக்கு ஒன்றுதான். அதைக் கட்டினேன். தம்பிக்கு மீன் மச்சம் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அவன் வந்து என் மேசையில் இருந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிடுகிற நாள்வரைக்கும் மீனோ இறைச்சியோ என் வாயில் படாது என்று நேர்ந்துகொண்டேன். அம்மா ஊரிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுப்பார். சுகம் விசாரிக்க முதல் அதைத்தான் கேட்பார். "பிள்ளை, விரதம் பிசகேல்லைத்தானே?" இல்லை அம்மா என்பேன். அதற்குப் பிறகுதான் அவருடைய குரல் வழமைக்கு வரும்.

என் மனுசன் குசினிக்காரர். இருபத்திரண்டு வருடமாக ஒரே ரெஸ்டோரண்டில் வேலை. கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, இப்போது அடுப்படியில் நிற்கிறார். பெரிய இடம்தான். ஆனால் அதன் முன்வாசல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. குப்பைத்தொட்டிகள் வைத்திருக்கிற பின்பக்கத்தால் போய்ப் பின்பக்கத்தால் வருகிறவர். வீட்டில் என் சட்டியைத் தொடுவதென்றால் முதலில் கையைக் கழுவுவார். மீன் காய்ச்சுகிற நாளில் யன்னலைத் திறந்துவிட்டு, தன் கரண்டியைத் தானே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைப்பார். மற்ற விசயங்களில் எப்படியோ, இதில் என் மனுசன் தங்கம் என்று நான் வேலை செய்கிற கடையில் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதை நினைக்க இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் கலியாணம் முடிந்து இருபத்தைந்து வருடம் என்று மகள் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு மேசை பிடித்தாள். படிப்பு முடிந்து ஒரு கந்தோரில் வேலை கிடைத்த புதுசு. நாங்கள் ஒருநாளும் காலடி வைத்திராத ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் அதற்கு முந்தின கிழமை முழுக்க வீட்டில் பாடம் நடந்தது. அம்மா, சாப்பிட்ட கோப்பைகளை அடுக்கக்கூடாது. அப்பா, பரிமாறுகிறவை வந்தவுடனை எழும்பி நிக்கக்கூடாது. துணியை மடியில் போடவேண்டும். உரத்துக் கதைக்கக்கூடாது. இவர் பள்ளிக்கூடப் பிள்ளைபோல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியாக என்னிடம் வந்தாள். "அம்மா, அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம்."

"எந்தக் கேள்வி?"

"உங்களுக்குத் தெரியும். நான் டெலிபோனிலை தெளிவாச் சொல்லிப்போட்டன், அம்மா வெஜெத்தாரியென் எண்டு. அது பெரிய இடம். அவைக்குத் தெரியும். நீங்கள் ஒருநாளைக்கு ஆறுதலா இருந்து சாப்பிடுங்கோ."

"நான் என்ன காட்டிலையிருந்தே வாறன்? எனக்குச் சாப்பிடத் தெரியாதே?" என்று வெடித்தேன். அவள் பிரெஞ்சுக்கு மாறினாள். கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் அவளுக்குப் பிரெஞ்சுதான். எங்கே போனாலும் நான் சண்டைக்கு நிற்கிறேனாம். ஒருநாள், ஒரேயொரு நாள், எல்லாத் தாய்மாரையும்போல இருக்கச் சொல்லிக் கேட்கிறாளாம். அவள் கண்ணைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. சரி, வாயே திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போன இடத்தில் முதலில் என் கோட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். பரிசாரகன் கதிரையை என் முழங்காலுக்குப் பின்னால் தள்ளினான். விழப்போகிறேன் என்று நினைத்து மேசையைப் பிடித்தேன். இவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு தண்ணீர் ஊற்றினாலும் மெர்சி, பாண் வைத்தாலும் மெர்சி என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். கண் மட்டும் மண்டபத்தின் மூலையில் ஆடி ஆடித் திறக்கிற குசினிக் கதவிலேயே நின்றது. "உள்ளை இப்ப வாய் திறக்க நேரம் இராது" என்று மெல்லச் சொன்னார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் மற்ற வார்த்தைகளை விழுங்கிவிட்டார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. கால் மணித்தியாலம் போக எனக்கு அந்த இடம் பிடித்துவிட்டது. நான் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறவள். ஒருத்தி வந்து கதிரையில் இருந்துகொண்டு அதை எடு, இதை விரி என்பாள். நாற்பது சேலையை விரித்துக் காட்டுவேன். பேந்து வாறன் என்று எழும்பிப் போவாள். நாற்பதையும் நான்தான் மடிக்கவேண்டும். இங்கே என் கிளாசில் தண்ணீர் குறைகிறதா என்று ஒருவன் தூரத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்தான். மேசையில் பாண் துகள் சிந்தினால் இன்னொருவன் வந்து வழித்துக்கொண்டு போனான். நான் எதையும் துடைக்கவும் இல்லை, மடிக்கவும் இல்லை. மெல்ல மெல்ல முதுகைக் கதிரையில் சாய்த்தேன். மகள் அதைக் கண்டு சிரித்தாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தாள்.

அப்போதுதான் சூப் வந்தது. வெள்ளைக் கோப்பையின் நடுவில் நாலு துண்டு பூசணிக்காயும் ஒரு இலையும். அவன் ஒரு சிறிய கூசாவிலிருந்து மஞ்சள் சூப்பை அதைச் சுற்றி ஊற்றினான். "மதாமுக்கு மரக்கறி" என்று சொல்லிக் குனிந்தான். கேள்வி என் தொண்டைவரைக்கும் வந்தது. மகளைப் பார்த்தேன், விழுங்கினேன். விழுங்கின பிறகு, உண்மையைச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. ஒன்றையும் கேட்காமல், ஒருத்தரையும் சந்தேகப்படாமல், வைத்ததை எடுத்துச் சாப்பிடுவது இவ்வளவு சுகமா? இந்த ஊரில் மற்ற ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிறார்களா?

மூன்று கரண்டி குடித்தேன். என்ன ருசி!

"இஞ்சாருங்கோ" என்று இவரைக் கூப்பிட்டேன். "பூசணிக்காய்க்கு இவ்வளவு ருசி எங்கையிருந்து வந்தது? ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. வீட்டிலை செய்து பாப்பம்."

இவர் தன் கரண்டியை நீட்டினார். "அப்பா!" என்று மகள் பல்லைக் கடித்தாள். மற்றவருடைய கோப்பையில் கை வைக்கக்கூடாது என்பதும் பாடத்தில் இருந்தது. ஆனால் கரண்டி அதற்குள் அவர் வாய்க்குள் போய்விட்டது. குசினிக்காரர் ருசி பார்க்கிறது ஒரு விதம். நாக்கில் வைத்து, வாயை மூடி, மூக்கால் மூச்சை விடுவார். அன்றும் மூச்சை விட்டார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு என் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார்.

"நீர் உதைக் குடிக்கவேண்டாம்."

"ஏன்?"

"நல்லாச் சூடாக் கிடக்கு. நீர் பாணைச் சாப்பிடும்."

இருபத்தைந்து வருடம் ஒன்றாக இருக்கிற மனுசன். அவர் பொய் சொன்னால் இடது காதைத் தடவுவார். தடவினார். "என்னெண்டு சொல்லுங்கோ" என்றேன். அவர் மகளைப் பார்த்தார், மேசைத் துணியைப் பார்த்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கோழி எலும்பு அவிச்ச தண்ணி."

 வாய்க்குள் அந்த ருசி இன்னும் இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. மடியில் கிடந்த துணியை எடுத்து நாக்கைத் துடைத்தேன். ஓம், அத்தனை பேர் பார்க்கத் துடைத்தேன். மகள் "அம்மா, அம்மா" என்று என் கையைப் பிடித்தாள். கையை உதறிவிட்டுப் பரிசாரகனைக் கூப்பிட்டேன். இந்தச் சூப் எந்தத் தண்ணீரில் அவித்தது என்று என் கடைப் பிரெஞ்சில் கேட்டேன். அவன் சிரிப்பை மாற்றாமல், மரக்கறி மதாம், முழுவதும் மரக்கறி என்றான். உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வா என்றேன். போனான். திரும்பி வந்தது அவன் இல்லை. கறுத்தக் கோட்டுப் போட்ட பெரியவர் வந்தார். மதாம் கவலைப்படவேண்டாம், அடியில் ஒரு சொட்டு கோழிச்சாறு சேர்ப்பது வழக்கம், ருசிக்காக மட்டும், இறைச்சித் துண்டு ஒன்றும் அதில் இல்லை என்றார்.

துண்டு இல்லையாம்! என்னைக் குழந்தைப்பிள்ளை என்று நினைத்தான் மனுசன். கோழியைக் கொன்று, எலும்பை அவித்து, சாறை வடித்துவிட்டுத் துண்டு இல்லை என்று சொன்னால் அது மரக்கறி ஆகிவிடுமா? லா ஷப்பலில் கடதாசிக் கோப்பையில் வடை தருகிற மனுசன் எனக்காகக் கையுறை மாற்றுகிறான். இவர்கள் வெள்ளைத் துணி விரித்து, குனிந்து குனிந்து, என் விரதத்தில் கோழித் தண்ணியை ஊற்றுகிறார்கள். ஊற்றிவிட்டு எனக்கே ஆறுதல் சொல்கிறார்கள்.

"விடுங்கோ அம்மா, எப்பன்தானே, ஒரு சொட்டு" என்றாள் மகள். 

"எப்பனோ? அம்மம்மா ஞாயிற்றுக்கிழமை எடுக்கேக்கை நீ சொல்லு, எப்பன்தான் எண்டு. உன்ரை மாமாவுக்கு நேந்த நேத்தி இது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு மாமா என்றால் சுவரில் இருக்கிற ஒரு படம். அது அவளுடைய பிழை இல்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒருத்தருடைய நியாயமும் தெரியவில்லை. கறுத்தக் கோட்டுக்காரர் வேறு கோப்பை கொண்டுவரட்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றார்.  எனக்குள் வேறு ஒரு கேள்வி வந்துவிட்டது. இவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்கு எப்பிடி உடனை தெரிஞ்சது?"

அவர் கரண்டியை நேராக்கி வைத்தார்.

"ஒரு கரண்டியிலை எப்பிடித் தெரிஞ்சது எண்டு கேக்கிறன்."

"நாங்களும் உப்பிடித்தானே செய்யிறது" என்றார்.

"ஆருக்கு?"

"சைவம் எண்டு கேட்டு வாற ஆக்களுக்கு. ஷெஃப் சொன்னாச் செய்யத்தானே வேணும். தனியா ஒரு சட்டி வைக்க நேரம் ஏது?" பிறகு, எனக்கு நல்லதைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "துண்டு போடுறேல்லை" என்றார்.

இருபத்திரண்டு வருடம்! வீட்டில் என் சட்டியைத் தொடக் கை கழுவுகிற மனுசன். காலையில் எழும்பி, தம்பியின் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போகிற மனுசன். அங்கே போய், என்னைப்போல ஒருத்தி மேசையில் இருந்து நம்பிக் கேட்டதற்குக் கோழித் தண்ணியை ஊற்றி அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறார். பின்னேரம் வந்து என் பக்கத்தில் இருந்து சோறும் சாப்பிட்டிருக்கிறார்.

"உமக்கு நான் ஒருநாளும் அப்பிடிச் செய்யேல்லை" என்றார். "சத்தியமா."

"அங்கை வந்த சனத்துக்கு ஒரு தம்பி இருந்திருக்கமாட்டானோ?"

 அவர் காதைத் தடவவில்லை.  "போங்கோ. உள்ளை போய்ச் சொல்லுங்கோ" என்றேன்.

"அது அவையின்ரை குசினி. உள்ளை போக நான் ஆர்?"

"நீங்கள் ஆர் எண்டு எனக்கு இப்பதான் தெரியுது. போங்கோ."

எழும்பினார். மடியில் கிடந்த துணி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. கறுத்தக் கோட்டுக்காரர் "மிசியே, மிசியே" என்று பின்னால் ஓட, இவர் அந்த ஆடுகிற கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனார். இரண்டு கையிலும் கோப்பை வைத்திருக்கிறவர்கள் தள்ளுகிற மாதிரித் தள்ளினார். பழக்கதோசம். மண்டபம் முழுக்க எங்கள் மேசையைப் பார்த்தது. மகள் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு காத்திருந்தேன். உள்ளே என்ன கதைத்தார் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அரை மணித்தியாலம் எடுத்தது.

வந்தபோது கோப்பை அவர் கையிலேயே இருந்தது. கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு. அவித்தது, உப்புப் போட்டது, வேறு ஒன்றும் இல்லை. என் வலப்பக்கம் நின்று அதை வைத்தார்.

"தண்ணியிலை அவிச்சது. பக்கத்திலை நிண்டு பாத்தனான்."

"எந்தச் சட்டி?"

"நானே கழுவினனான்."

மகள் அந்த நாளுக்கென்று வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சேட்டின் கை முழங்கைவரைக்கும் நனைந்திருந்தது. நான் சாப்பிட்டேன். அவசரப்படாமல், ஒவ்வொரு துண்டாக, முழுவதையும் சாப்பிட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் அந்தக் கதிரையில் மற்ற எல்லோரையும்போல இருந்தது அந்த நேரத்தில்தான். ஆத்திரத்தில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. முடித்துவிட்டு, எல்லாக் கோப்பைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தேன்.

கார் து நோர் ரயில் நிலையத்தில் வைத்து மகள் அழுதாள். "நான் தெளிவாச் சொன்னனான் அம்மா. ரெண்டு தரம் சொன்னனான்." அவளை அணைத்துக்கொண்டேன். அவளில் எனக்குக் கோபம் இல்லை. ரயிலில் இவர் என் பக்கத்தில் இருந்தார். லா கூர்னெவ் வரைக்கும் அவருடைய சேட்டுக் கை காயவில்லை.

அடுத்தநாள் முழுகிவிட்டுத் தம்பியின் படத்துக்கு முன்னால் நின்றேன்.  திரும்பவும் முதலிலிருந்து நேர்ந்துகொண்டேன். அன்றிலிருந்து இவர் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் கேட்கிறேன். "இண்டைக்கு எதிலை அவிச்சனீங்கள்?" "தண்ணியிலை" என்கிறார். தனிச்சட்டி ஒன்று வாங்கிக்கொண்டுபோய் வைத்திருக்கிறாராம், ஷெஃப் ஏசினாராம், விடவில்லையாம். உண்மையோ பொய்யோ, போய்ப் பார்க்கவா முடியும்? தெருவில் வடை விற்கிற மனுசனிடம் கேட்ட கேள்வியை வீட்டுக்குள்ளேயே கேட்க வைத்துவிட்டார் பாருங்கள். அவர் காதைத் தடவுகிறாரா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எடுத்தார். இவர் மேசையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா போனில் சத்தமாகப் பேசுகிறவர், அவர் சொல்வது மேசைவரைக்கும் கேட்கும்.

"பிள்ளை, விரதம் பிசகேல்லைத்தானே?"

எண்பது வயது. அந்த பஸ் போன திசையைப் பார்த்தபடி நிற்கிறவர். நான் வாயைத் திறந்தேன்.

"இல்லை அம்மா. பிசகேல்லை."

"அதுதானே பாத்தன். அவன் வருவான்" என்று அம்மா சொன்னார். குரல் வழமைக்கு வந்தது. இவர் வெங்காயத்தை விட்டுத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.  நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு, ஊரில் மழையா என்று அம்மாவிடம் கேட்டேன்.